மிரண்ட பூனையை நோகாமல் பிடிப்பது எப்படி?



இந்த முறை மண்ணைப் பற்றியோ விதையைப் பற்றியோ எழுதவில்லை. ஒரு பூனையைப் பற்றி எழுதுகிறேன். நாட்டுக்கோழி வளர்க்கும் நண்பர்கள் எங்கே சந்தித்தாலும் கேட்கும் கேள்வி இது: "குஞ்சைப் பூனை தூக்கிட்டுப் போயிடுதே, என்ன சார் பண்றது?" போன வருஷம் ஆடி மாதம் வரை எனக்கும் பதில் தெரியாது. தப்புத் தப்பாகச் செய்து, மூன்று மாதம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன். என் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்கு அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும்.

எங்கள் நிலம் துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் நாலு ஏக்கர். 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற பிறகுதான் முழுநேர விவசாயி ஆனேன். பாரம்பரிய நெல் கொஞ்சம், சின்ன வெங்காயம், சோளம், ரெண்டு நாட்டு மாடு, பதினைந்து பெட்டைக்கோழி. இரசாயனம் உள்ளே வருவதில்லை.

ஆடி மாதம் இரண்டு கோழிகள் அடையிலிருந்து இறங்கின. மொத்தம் 19 குஞ்சு. பத்தே நாளில் ஏழுதான் மிச்சம். அந்த நாட்களில் ஒரு சாம்பல் நிறப் பூனை வைக்கோல் போர் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மனிதத் தலையைக் கண்டால் போதும், மறைந்துவிடும். ஒருநாள் காலையில் அது வாயில் குஞ்சோடு வேலி தாண்டுவதை நானே பார்த்தேன்.

பக்கத்துக் கொல்லைக்காரர் எனக்குத் தம்பி முறை. விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்: "அண்ணே, இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே. மத்தி மீன்ல ரெண்டு குருணை மருந்து வச்சு விடுங்க. விடிஞ்சா முடிஞ்சிடும்."

உண்மையைச் சொல்கிறேன், அன்று இருந்த கோபத்தில் ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு யோசித்தேன். நெல்லுக்குப் போடாத விஷத்தை மீனுக்குள் வைப்பதா? அந்த மீனைப் பூனைதான் தின்னும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நாய் தின்னலாம், கீரி தின்னலாம், காக்கை கொத்திக்கொண்டு போய் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலாவது போடலாம். விஷம் தின்று செத்த எலியைத் தின்னும் கூகையும் பாதிக்கப்படும். எலிக்குக் கூகை வரட்டும் என்று வயலில் குச்சி நட்டு வைக்கிற நாம், அதே வயலில் விஷம் வைத்தால் என்ன அர்த்தம்? சட்டப்படியும் அது குற்றம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கிறது.

சுருக்குக் கம்பி வைப்பதும் இதே கதைதான். கழுத்தில் விழ வேண்டியது இடுப்பிலோ காலிலோ விழும். ராத்திரி முழுக்க அந்த உயிர் படும் பாட்டைக் கேட்டவர்கள் மறுபடி வைக்க மாட்டார்கள்.

"சாக்குல பிடிச்சுப் போட்டு சந்தைப்பக்கம் விட்டுட்டு வந்துடுங்க" என்று சொன்னவர்களும் உண்டு. பூனைக்கு இடம்தான் உயிர். தெரியாத இடத்தில் விட்டால், ஒன்று திரும்பி வரப் பார்த்து ரோட்டில் அடிபடும். இல்லையென்றால் அங்கே உள்ள பூனைகளிடம் கடிபடும். இங்கேயோ காலியான இடத்துக்கு வேறொரு பூனை வந்து சேரும். எலியும் கோழிக்குஞ்சும் இருக்கும் இடம் காலியாகவே இருக்காது.

முதலில் விசாரணை

வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. கடன் நிலுவை என்றால் முதலில் ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும். ஏன் கட்டவில்லை என்று தெரியாமல் ஜப்திக்குப் போகக் கூடாது. ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான், பூனை விஷயத்தில் நேரே ஜப்திக்குப் போனேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

கோழிக்கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு அடுப்புச் சாம்பலையும் சலித்த மணலையும் கலந்து மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். விடிந்ததும், கோழியைத் திறந்துவிடும் முன்பே போய்ப் பாருங்கள். பூனையின் தடம் வட்டமாக இருக்கும். நாலு விரல், நகம் பதியாது. பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாய்த் தடத்திலும் நாலு விரல்தான், ஆனால் நகம் தெரியும். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். கீரியின் நகம் நீளமாகப் பதியும்.

நான் பரப்பிய சாம்பலில் ஐந்து நாளில் மூன்று நாள் கீரித் தடம், இரண்டு நாள் பூனைத் தடம். அதாவது, காணாமல் போன குஞ்சுகளுக்கெல்லாம் பூனையே பொறுப்பு இல்லை. பாதிக் கணக்கு கீரியுடையது. பகலில் காக்கையும் வல்லூறும் எடுத்தது எவ்வளவோ, அது சாம்பலில் தெரியாது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆள் பழக்கம் இல்லாத பூனையை நாம் பொதுவாகக் 'காட்டுப்பூனை' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையான காட்டுப்பூனை வேறு. வீட்டுப்பூனையை விடப் பெரிசு. கால் நீளம், வால் குட்டை. வால் நுனிப் பக்கம் கறுப்பு வளையம். காது நுனியில் சின்னதாகக் கறுப்பு முடி. உடம்பு மணல் நிறத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் வருகிறது. மரநாயும் கீரியும் அப்படித்தான். அவற்றைப் பிடிக்க நமக்கு உரிமை இல்லை. தவறிக் கூண்டில் விழுந்தால், தள்ளி நின்று கதவைத் திறந்துவிட்டு வழிவிடுங்கள். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இந்தக் கட்டுரை வீட்டுப்பூனை இனத்தில் பிறந்து, மனிதக் கை படாமல் வளர்ந்த பூனையைப் பற்றியது.

அடுத்து கூட்டைச் சரிசெய்வது

விசாரணையில் என் குற்றமும் வெளியே வந்தது. கூட்டுக் கதவுக்குக் கீழே மூன்று விரல் இடைவெளி. பக்கத்தில் அடித்திருந்த கோழி வலை கையால் இழுத்தாலே வளைந்தது. மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே நிறுத்தும். எதிரியை வெளியே நிறுத்தாது.

அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்கி, நிலத்தில் ஓரடி ஆழம் புதைத்து அடித்தேன். குஞ்சுகளை முதல் ஆறு வாரம் தாயோடு பஞ்சாரத்தில் அடைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் மேயவிட்டேன். இதைச் செய்ததுமே இழப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பூனையைப் பிடிக்கும் யோசனை இருப்பவர்களும் முதலில் இந்த வேலையை முடியுங்கள். ஒரு பூனையைப் பிடித்தாலும் ஓட்டைக் கூட்டுக்கு அடுத்த பூனை வரும்.

அப்படியென்றால் ஏன் பிடிக்க வேண்டும்? பெருக்கத்துக்காக. பூனையின் சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம்தான். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுப் போடும். பெட்டைக்குட்டி ஐந்தாறு மாதத்தில் தானே சினை பிடித்துவிடும். இன்று ஒன்று, அடுத்த வருஷம் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனையும் கோழிக்குஞ்சோடு நிற்காது. ஓணான், அரணை, கரிச்சான், தவிட்டுக்குருவி என்று நம் வயலுக்கு வேலை செய்யும் கூட்டாளிகளையும் தின்னும். ஆனால் ஒரு பூனை இருந்தால் விதைநெல் மூட்டைக்குக் காவல். ஆகவே என் முடிவு: பிடிப்பது, கருத்தடை செய்வது, வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, அதே இடத்தில் விடுவது.

நான் செய்த தவறு

இப்போது ஜப்திக் கதை. சாம்பல் பரப்புவதற்கெல்லாம் முன்பு, கோபத்தில் இருந்தபோதே டவுனில் ஒரு கம்பிக் கூண்டு வாங்கிவந்தேன். நீளம் இரண்டடிதான். அன்று இரவே உள்ளே மீனை வைத்து, வைக்கோல் போர் ஓரம் வைத்துவிட்டேன். பூனை வந்தது. தலையையும் முன்காலையும் உள்ளே வைத்து மீனை எட்டியது. மிதிதகட்டைத் தொட்டதும் கதவு விழுந்தது. எங்கே? பூனையின் இடுப்பு மேல். உடம்பு பாதி வெளியில்தான் இருந்தது. உருண்டு, கூண்டையே இழுத்துக் கவிழ்த்துவிட்டு ஓடிப்போனது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்று சும்மாவா சொன்னார்கள்? அதற்குப் பிறகு கூண்டு இருக்கும் பக்கம் முப்பது அடிக்குள் அது வரவில்லை. மீனை மாற்றினேன், கருவாடு வைத்தேன், கூண்டை வைக்கோலால் மூடினேன். தள்ளி உட்கார்ந்து கூண்டையே பார்த்துவிட்டுப் போய்விடும்.

நாலாம் நாள், ஆடு மேய்க்கும் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது பால் கொடுக்கிற பூனை. வயித்தைப் பாரு, காம்பு தெரியுது. எங்கயோ குட்டி போட்டிருக்கு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று இரவு கதவு சரியாக விழுந்திருந்தால்? நான் வெற்றி என்று நினைத்துக்கொண்டு பூனையை வண்டியில் ஏற்றியிருப்பேன். இரண்டு மூன்று நாள் கழித்து வைக்கோல் போருக்குள் கண் திறக்காத குட்டிகள் பசியில் செத்துக் கிடந்திருக்கும். என் கூண்டு தோற்றதால்தான் அந்தப் பாவம் என் கணக்கில் ஏறவில்லை. அது ஏன் பகலிலேயே துணிந்து குஞ்சு தூக்கியது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அதனால் பிடிப்பதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது இது: பெட்டையா, கடுவனா? பெட்டை என்றால் காம்பு வீங்கி, சுற்றி முடி உதிர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் குட்டிகள் வெளியே வந்து தாங்களே தின்னத் தொடங்கும் வரை, சுமார் எட்டு வாரம், காத்திருங்கள். அதுவரை கூட்டைப் பத்திரப்படுத்துவது மட்டும்தான் நம் வேலை.

நம்பிக்கைக் கணக்கு

காத்திருந்த நாட்களை வீணாக்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் யோசனை கேட்டேன். "மொதல்ல அதுக்கு ஒரு டைம்டேபிள் போடுங்க சார். பூனை நேரம் பார்த்து வரும். பிடிக்கிறதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

மாலை ஐந்தரை மணி. களத்து மூலையில் ஒரே இடம். ஒரே அலுமினியத் தட்டு. வைக்கும்போது தட்டை ரெண்டு தட்டுத் தட்டுவேன். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மோட்டார் ரூமுக்குப் போய்விடுவேன். முதல் வாரம் இருட்டிய பிறகே வந்து தின்றது. இரண்டாம் வாரம் நான் போனதும் வந்தது. ஆவணிக் கடைசியில் மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது.

என்ன வைப்பது? சோற்றில் பிசைந்த மீன் போதும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கு தரும். அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாயும் பெருச்சாளியும் பங்குக்கு வரும். பூனையும் நேரம் தவறி வரும்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் அந்த மாதம் கவிச்சி கிடையாது. "பூனைக்குன்னு சொல்லி மீன் நாத்தம் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மோட்டார் ரூம் பின்னால் மூன்று கல் வைத்து மத்தி வேகவைத்தேன். வங்கியில் இருந்த என்னைத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

பஞ்சாரப் பொறி

கூண்டுக்குள் ஒருமுறை அடிபட்ட பூனை மறுபடி குழாய் மாதிரி இடத்துக்குள் நுழையாது. அதற்கு மேலே விழும் பொறிதான் வழி. நமக்கு இது புதுசில்லை. சின்ன வயசில் பஞ்சாரத்தைக் குச்சியால் முட்டுக்கொடுத்து, கீழே தானியம் தூவி, கயிற்றை இழுத்துப் புறா பிடித்தோமே, அதேதான். நாலு பக்கமும் திறந்திருப்பதால் பூனைக்குச் சந்தேகம் குறைவு. முக்கியமான விஷயம், எப்போது விழ வேண்டும் என்பதைத் தகடு முடிவு செய்யாது. நாம் முடிவு செய்கிறோம்.

மூங்கில் பஞ்சாரம் பூனைக்குப் பத்தாது. தூக்கிக் கவிழ்த்துவிடும். வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்று செய்தேன். மூன்றடிக்கு மூன்றடி சதுரம், ஓரடி உயரம், அடிப்பக்கம் மட்டும் திறப்பு. இலேசான இரும்புச் சட்டம். மேலும் பக்கமும் மெல்லிய மீன்வலை. கம்பி வலை என்றால் மிரண்டு முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். தரையில் படும் விளிம்பு முழுக்கப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன். தவறி மேலே பட்டாலும் அடி குறையும். ஒரு பக்கத்தில் மேலே தூக்கும் சின்னக் கதவு, கூண்டின் வாய் அளவுக்கு. ஓரடிக் குச்சி ஒன்று, முப்பது அடி நைலான் கயிறு. பழைய இரும்பில் செய்ததால் 1,800 ரூபாயில் முடிந்தது. எங்கள் பக்கத்து உழவர் குழுவுக்கே இப்போது இதுதான் பொதுப் பொறி.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் நாள் பொறியைச் சோற்றுத் தட்டுக்குப் பத்தடி தள்ளிச் சும்மா வைத்தேன். தினமும் ஓரடி தட்டைப் பொறிப் பக்கம் நகர்த்தினேன். பொறியைக் குச்சியில் இல்லாமல் நாலு செங்கல் மேல் உறுதியாக நிறுத்தியிருந்தேன். காற்றில் கூட விழக் கூடாது. மறுபடி ஒருமுறை மிரண்டால் அந்தக் கணக்கு அதோடு மூடல்.

பதினோராம் நாள் தட்டு பொறியின் விளிம்புக்குள். குட்டிகள் உடனே நுழைந்தன. தாய் வெளியே நின்று கழுத்தை மட்டும் நீட்டியது. பதினாலாம் நாள் அதுவும் முழுசாக உள்ளே வந்து தின்றது. பிறகும் நாலு நாள் பொறுத்தேன். செங்கல்லை எடுத்துவிட்டுக் குச்சியை வைத்து, கயிற்றையும் தரையில் நீட்டிப் பழக்கினேன்.

கயிற்றை இழுக்கும் நாளை நாம் மட்டும் முடிவு செய்யக் கூடாது. முதலில் மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். பிடித்த பிறகு மருத்துவரைத் தேடினால் பூனை கூண்டில் நாள்கணக்கில் கிடக்கும். மழை நாளும் உச்சிவெயிலும் வேண்டாம். முந்தின நாள் சாப்பாடு வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். குட்டிகள் கூட இருந்தால் பாதித் தீனியாவது வையுங்கள், பட்டினி போடாதீர்கள்.

அந்த மாலை

புரட்டாசிக் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. புதன் காலை மருத்துவர் தேதி. வறுத்த மத்தி, தட்டில் இல்லாமல் பொறியின் நட்டநடுவில் ஒரு வாழையிலைத் துண்டில். மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால் கயிறு என் கையில். பக்கத்துக் கொல்லைத் தம்பியும் வந்திருந்தார். குருணை மருந்து யோசனை சொன்ன அதே ஆள்தான், கையில் என் மனைவியின் பழைய போர்வையோடு.

முதலில் இரண்டு குட்டிகள் நுழைந்தன. தாய் விளிம்பில் நின்றது. "இழுங்கண்ணே" என்று கிசுகிசுத்தார் தம்பி. இழுக்கவில்லை. ஒரு குட்டி பாதி உள்ளே, பாதி வெளியே. விளிம்பு அதன் முதுகில் விழும். இங்கேதான் பொறுமை. உடம்பு முழுசும் உள்ளே, தலை குனிந்து தின்கிறது, விளிம்பில் எந்த உயிரும் இல்லை. இந்த மூன்றும் சேரும்போதுதான் கயிறு. குட்டிகள் தின்று நகர்ந்தன. தாய் நடுவுக்கு வந்தது, தலை குனிந்தது. இழுத்தேன்.

ஓடிப்போய் சட்டத்தை இரண்டு பேரும் அமுக்கிப் பிடித்தோம். உள்ளே ஒரு சூறாவளி. போர்வையை மேலே போட்டதும் அரை நிமிஷத்தில் அடங்கியது. இருட்டுத்தான் மிரண்ட பூனைக்கு மருந்து. பிறகு கூண்டைத் துணியால் மூடி, அதன் வாயைப் பொறியின் சின்னக் கதவோடு ஒட்டிவைத்து இரண்டு கதவையும் தூக்கினோம். பொறி மேலிருந்த போர்வையை மெல்ல விலக்க விலக்க, பூனை வெளிச்சத்தை விட்டு இருட்டான கூண்டுக்குள் தானாகவே போய்விட்டது. கூண்டுக் கதவை இறக்கிக் கம்பியால் கட்டினோம். கை படவே இல்லை.

குட்டிகளை மறுநாள் மாலை, பழக்கமான நேரத்தில், சாதாரணக் கூண்டிலேயே பிடித்தோம். அடிபடாத பூனைக்கு அதுவே போதும். கூண்டு மூன்றடி நீளமாவது இருக்கட்டும். தரைக் கம்பி தெரியாமல் சாக்கு விரியுங்கள். தீனியை மிதிதகட்டுக்கு அப்பால் கடைசியில் வையுங்கள். கதவைக் கட்டிவைத்து நாலைந்து நாள் உள்ளேயே சாப்பிடவிட்டுப் பிறகு அவிழ்த்துவிடுங்கள். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கக் கூடாது. மாட்டிக்கொண்ட உயிரை வெயிலும் கட்டெறும்பும் தின்றுவிடும்.

பிடித்த பிறகு

கூண்டைத் திறந்து தடவிக் கொடுக்கும் ஆசை வேண்டாம். பயந்த பூனையின் பல் ஊசி மாதிரி இறங்கும். கடியோ பிறாண்டலோ பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். பூனையாலும் வெறிநோய் பரவும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

அறுவை சிகிச்சை புதன்கிழமை முடிந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். கருத்தடை ஆன பூனை என்பதற்கு அடையாளம் அது. இன்னொருவர் பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமல் இருக்க உதவும். மயக்கம் தெளியும்வரை பூனையின் உடம்பு சூட்டைத் தாங்கிப் பிடிக்காது. அதனால் கூண்டைச் சாக்கால் போர்த்தி, காற்று அடிக்காத மோட்டார் ரூமில் வைத்தேன். பெட்டை என்பதால் இரண்டு நாள் வைத்திருக்கச் சொன்னார்கள். கடுவனுக்கு ஒரு நாள் போதும். வலிக்கு நாமாக மாத்திரை கொடுக்கக் கூடாது. மனிதர்கள் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் களத்து மூலையில், பிடித்த அதே இடத்தில், கூண்டைத் திறந்தேன். அம்பு மாதிரி போனது. திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்று நாள் ஆளையே காணோம். மூன்று மாத நம்பிக்கைக் கணக்கு ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் ஐந்தரை மணிக்குத் தட்டைத் தட்டினேன். சோளத்தட்டைக் கட்டுக்குப் பின்னால் ஒரு தலை. இடது காது நுனி இல்லாமல்.

குட்டிகளில் ஒன்றை ஒரு விதைச் சேகரிப்பாளர் வாங்கிப்போனார், அவர் வீட்டிலும் எலித் தொல்லை. மற்ற இரண்டும் இங்கேதான். மருத்துவர் சொன்ன வயதில் அவற்றுக்கும் கருத்தடை செய்தாயிற்று. எலி ஒழிந்துவிட்டது என்று கதைவிட மாட்டேன். ஆனால் இந்த முறை விதைநெல் மூட்டையில் ஓட்டை இல்லை. தை மாதம் இறங்கிய 14 குஞ்சில் 12 தப்பித்தன. போன இரண்டையும் காக்கை தூக்கியதை நானே பார்த்தேன். அதையும் பூனைக் கணக்கில் எழுத மனசு வரவில்லை.

ஒரு செய்தி மட்டும் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் பக்கத்துக் கொல்லைத் தம்பி வந்தார். "அண்ணே, நம்ம கொல்லையில ஒரு கடுவன் திரியுது. அந்தப் பொறியைக் கொஞ்சம் குடுங்க" என்றார். கொடுத்தேன். "மொதல்ல சாம்பலைப் பரப்பிப் பாருப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.